கூட வேலை பார்த்த சார் தவறிட்டா ஸ்கூல்ல என்னென்ன செய்யலாம்

எங்க கணக்கு சார் தவறி இந்த மாசத்தோட ஒரு வருஷம் ஆகப்போகுது. நான் அவர்கிட்ட பத்தாவது படிச்சவன், அப்புறம் அதே ஸ்கூலுக்கே வாத்தியாரா வந்து பதினோரு வருஷம் அவருக்கு பக்கத்து நாற்காலியில உக்காந்தவன். கோவில்பட்டி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, அவ்வளவு போதும். போன வாரம் வேற ஊர்ல இருந்து ஒரு டீச்சர் போன் பண்ணி "எங்க சாரும் போயிட்டாரு, நீங்க என்ன சார் பண்ணுனீங்க, எங்களுக்கு கையும் ஓடல காலும் ஓடல"ன்னு கேட்டாங்க. போன்ல சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதிடறேன், நாங்க சொதப்பினதையும் சேர்த்து.

முதல்ல பிள்ளைங்க. துக்கம் விசாரிக்கிறது, மாலை வாங்குறது, வேன் பிடிக்கிறதுன்னு நாம ஓடிட்டு இருப்போம், ஆனா மறுநாள் ஸ்கூல் திறந்ததும் அவரோட பீரியட் ஒண்ணு வரும் பாருங்க, அதுக்கு யாரு போறதுன்னு முந்தின நாளே முடிவு பண்ணி வெச்சிருங்க. "சப்ஸ்டிட்யூஷன்"னு யாரையாவது அனுப்பி சத்தம் போடாம படிங்கன்னு சொல்லிறாதீங்க. நானும் தமிழ் டீச்சரும் ரெண்டு பேரா போயி சும்மா உக்காந்தோம். பத்து நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் கடைசி பெஞ்சுல ஒருத்தன் எழுந்து "சார், எங்களுக்கு போர்ஷன் யாரு முடிப்பா?"ன்னான். எனக்கு சுருக்குன்னு கோபம் வந்திருச்சு, சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுல அவனே தனியா நின்னு தேம்பி தேம்பி அழுதத பாத்தப்பதான் புரிஞ்சுது, அவனுக்கு சாரும் போர்ஷனும் ஒண்ணுதான்னு. அந்த கேள்விக்கு அன்னைக்கே பதில் சொல்லிருங்க, யாரு வர்றாங்க, எந்த பாடத்துல இருந்து, எல்லாம்.

அடுத்து அவரோட மேஜை. இத பீரோ சுத்தம் பண்ற மாதிரி பண்ணவே கூடாது. எங்க சார் மேஜையில பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி நோட்டு 41 இருந்துச்சு, அதுல 17 திருத்தினது, மீதி 24 திருத்தாதது. சார் தப்புக்கு குறுக்க கோடு போடவே மாட்டாரு. தப்பு எந்த இடத்துல ஆரம்பிச்சுதோ அங்க சிவப்பு பேனாவுல சின்னதா ஒரு வட்டம், அவ்வளவுதான், மீதிய நீயே கண்டுபிடிச்சுக்கணும். அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு குடுத்து முக்கோணம் வரையச் சொல்ற கணக்குல ஒரு பொண்ணு காம்பஸ் முனைய தப்பான புள்ளியில ஊன்றியிருந்துச்சு, வில் மொத்தமும் கோணலா வந்திருந்துச்சு, ஆனா வட்டம் வில்லுல இல்ல, அந்த முனை குத்துன ஓட்டையில இருந்துச்சு. நான் பத்தாவதுல வாங்குன அதே வட்டம்.

அந்த நோட்டெல்லாம் நினைவா கண்ணாடி பீரோவுல வைக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. நாங்க ஒத்துக்கல, பப்ளிக் எக்ஸாம் எழுதப்போற பிள்ளைங்களோட நோட்டு அது. நீங்களும் செய்ய வேண்டியது இதுதான்: அவர் கை பட்ட பக்கங்கள நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, திருத்தாதத நீங்க உக்காந்து திருத்துங்க, ஆனா கையெழுத்து உங்களோடத போடுங்க. அவர் மாதிரி வட்டம் போட்டு ஏமாத்தாதீங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்சிருவாங்க. நோட்ட அவங்ககிட்டயே குடுத்திருங்க.

குடும்பத்துக்கு செய்யறதுல கண்ணீர விட காகிதம் முக்கியம், இத சொன்னா சிலருக்கு பிடிக்காது. சர்வீஸ்ல இருக்கும்போதே தவறிட்டா அவரோட மனைவி, அந்த அக்காவுக்கு எந்த பேப்பர் எங்க இருக்குன்னு கூட தெரியாது. இறப்ப 21 நாளைக்குள்ள பதிவு பண்ணிரணும், தள்ளிப்போச்சுன்னா அபராதம், அனுமதின்னு அலைச்சல். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல போடணும், அப்புறம் குடும்ப ஓய்வூதியம், குடும்பப் பாதுகாப்பு நிதி, ஈட்டிய விடுப்பு பணம்னு ஒண்ணொண்ணா வரும். 2003 ஏப்ரல் 1க்கு முன்னாடி சேர்ந்தவரா, அதுக்கு அப்புறம் சேர்ந்தவரான்னு முதல்லயே பாத்துக்கங்க, ஜி.பி.எஃப்.பா (பழைய ஓய்வூதியத்துல வர்ற சேமநல நிதி) சி.பி.எஸ்.ஸாங்கறத (பங்களிப்பு ஓய்வூதியம்) பொறுத்து பாதை மாறும். எஸ்.ஆர். புக்குல, அதாவது பணிப் பதிவேட்டுல, பேரு, பிறந்த தேதி, நாமினி எல்லாம் ஆதாரோட ஒத்துப்போகுதான்னு ஒருத்தர் உக்காந்து பாக்கட்டும், ஒரு இனிஷியல் மாறியிருந்தாலே ஃபைல் திரும்பி வந்திரும். ஸ்டாஃப்ல ரெண்டு பேர மட்டும் இதுக்குன்னு ஒதுக்குங்க. பத்து பேரு போயி "அக்கா என்ன உதவி வேணும்"னு கேட்டா அவங்களுக்கு பத்து தடவை காபி போடற வேலைதான் மிஞ்சும்.

இப்ப நினைவுகள சேகரிக்கிற விஷயத்துக்கு வர்றேன், என்னைப் பொறுத்தவரை உயிரே இதுலதான் இருக்கு. பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்புல "சாரை பத்தி எழுதுங்க"ன்னு போட்டோம். வந்ததெல்லாம் என்ன தெரியுமா, "அன்பானவர், பண்பானவர், தன்னலமற்றவர்". இத எந்த வாத்தியாருக்கும் போடலாம், எந்த தாசில்தாருக்கும் போடலாம். கேள்விதான் தப்பு. அப்புறம் கேள்விய மாத்தினோம்: சார் உங்கள திட்டின ஒரு தடவை சொல்லுங்க, சார் பாக்கெட்டுல எப்பவும் என்ன இருக்கும், சார் கிட்ட நீங்க சொன்ன ஒரு பொய் என்ன. அன்னைக்கு ராத்திரியே நாப்பது வாய்ஸ் மெசேஜ். ஒருத்தன் துபாய்ல இருந்து ஏழு நிமிஷம் பேசியிருந்தான், டியூஷன் ஃபீஸ வாங்கி சினிமாவுக்கு போன கதை, சாருக்கு அது தெரிஞ்சே இருந்துச்சாம், படம் நல்லா இருந்துச்சாடான்னு மட்டும் கேட்டாராம். எழுத சொல்லாதீங்க, பேச சொல்லுங்க, எழுதும்போதுதான் எல்லாரும் மேடை ஏறிடறாங்க. வந்த வாய்ஸ யாராவது ஒருத்தர் உடனே இறக்கி பென்டிரைவ்ல பேரும் வருஷமும் போட்டு சேமிக்கணும், போன் மாத்துனா எல்லாம் போச்சு.

ஸ்டூடன்ட்ஸோட நிறுத்திக்காதீங்க. சத்துணவு அக்கா, பெருக்குற அம்மா, காலை பஸ் கண்டக்டர், கேட்டுக்கு எதிர்ல டீக்கடை அண்ணாச்சி, இவங்களுக்கு தெரிஞ்ச சார் வேற ஆளு. அண்ணாச்சி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், பரீட்சை அன்னைக்கு சாப்பிடாம வர்ற பயலுகளுக்கு சார் கணக்குல டீயும் கடலை மிட்டாயும் போகும்னு. "எவனும் பசியோட கிராஃப் போடக்கூடாதுல்ல"ம்பாராம்.

நினைவேந்தல் கூட்டத்துக்கு தேதிய குடும்பத்த கேட்டு வைங்க, எங்க பக்கம் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்தான் வருவாங்க. படமும் அவங்க குடுக்கறததான் வைக்கணும். நாங்க ஐ.டி. கார்டு போட்டோவ பெருசாக்கி ஃபிரேம் போட்டு வெச்சிட்டோம், அக்கா வந்து பாத்துட்டு "கண்ணாடி இல்லாம இது யாரோ மாதிரி இருக்கு தம்பி"ன்னாங்க. ராத்திரியோட ராத்திரியா மாத்தினோம்.

நேரம் ஒரு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். சில வருஷம் முன்னாடி வேற ஒரு ஸ்கூல்ல ஒரு கூட்டத்துக்கு போயிருந்தேன், சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிஷம் பேசி, இறந்தவர அறிவியல் ஆசிரியர்னே கடைசி வரைக்கும் சொன்னாரு, அவரு வரலாறு. முன் வரிசையில அவரோட பொண்ணு உக்காந்திருந்துச்சு. அதனால எங்க கூட்டத்துல விருந்தினரே கிடையாது. 55 நொடி தமிழ்த்தாய் வாழ்த்து, ரெண்டு நிமிஷம் மௌனம், ஹெச்.எம். மூணு நிமிஷம், அப்புறம் ஆறு பேரு ஆளுக்கு நாலு நிமிஷம். நிபந்தனை ஒண்ணுதான், கண்ணால பாத்த ஒரு சம்பவம் மட்டும் சொல்லணும், அடைமொழி கூடாது. இப்ப படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேரு அந்த ஆறுல கட்டாயம் இருக்கணும், அவங்கள முதல்லயே பேச விட்டுருங்க, பெரியவங்க அழ ஆரம்பிச்சப்புறம் அதுங்களால பேச முடியாது. ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒதுக்கற காச வேற எதுக்காவது வெச்சுக்கங்க.

எதுக்குன்னா, பரிசுத் தொகைக்கு. எல்லாரும் செய்யறதுதான், ஆனா ரெண்டு இடத்துல கவிழ்ந்திருவாங்க. ஒண்ணு, யாருக்கு குடுக்கறதுங்கறது. முதல் மார்க்குக்கு குடுக்க ஏற்கனவே ஊர்ல நாலு பரிசு இருக்கு. எங்க சார் வாழ்நாள் பூரா மல்லு கட்டுனது 35ஐ தாண்டாத பசங்களோட. பத்தாவது கணக்குல ஜியாமெட்ரி 8, கிராஃப் 8, "இந்த 16 மார்க் உன் சட்டைப்பையில இருக்குடா, கைய விட்டு எடுக்க மாட்டேங்கிற"ன்னு திட்டுவாரு. அதனால காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவுல கணக்குல அதிகமா ஏறுன பிள்ளைக்கு பரிசுன்னு வெச்சோம். 12ல இருந்து 38 வந்தவன், 94ல இருந்து 98 வந்தவள ஜெயிச்சுட்டான், அவ அப்பா வந்து சண்டை போட்டாரு, பரவால்ல. உங்க சார் எதுக்கு மல்லு கட்டுனாருன்னு பாத்து விதிய வைங்க, ஒரு பேப்பர்ல எழுதி ஹெச்.எம். ரூம்ல ஒட்டுங்க.

ரெண்டாவது, பணம் எங்க இருக்குங்கறது. தனி ஆள் பேர்ல எஃப்.டி. போடவே போடாதீங்க, அது நீங்களா இருந்தாலும் சரி. கவுன்சிலிங்ல டிரான்ஸ்ஃபர் வரும், ரிட்டயர்மென்ட் வரும், ரசீது எந்த பையில இருக்குன்னு தெரியாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்து பேர்ல, பதவி பேரால கையெழுத்து போடற மாதிரி வைங்க, பேங்க்ல என்ன கேப்பாங்கன்னு முதல்லயே விசாரிச்சு தீர்மானத்த மினிட்ஸ் புக்குல ஏத்திருங்க. பத்து வருஷம் யாரும் தொடாம கிடந்தா அந்த பணம் ரிசர்வ் வங்கியோட நிதிக்கு போயிரும், கேட்டா திரும்ப குடுப்பாங்கதான், ஆனா யாரு கேக்கப் போறா. கணக்கு சும்மா போட்டு பாருங்க: 30,000 ரூபாய், ஆறரை சதவீதம்னா வருஷத்துக்கு 1,950. வட்டி குறையவும் செய்யும், அதனால 1,500க்கு மேல பரிசு அறிவிக்காதீங்க. யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு போர்டு வைக்காதீங்க, நூறு ரூபா குடுத்த பழைய மாணவன் அடுத்த தடவை வரமாட்டான்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம்னு இருக்கோம். காலையில பிரேயர்ல பரிசு, பிள்ளைங்களுக்கு கடலை மிட்டாய், சாயங்காலம் ரெண்டு பேரு மட்டும் அக்காவ போய் பாத்துட்டு வர்றது. வாட்ஸ்அப் ஸ்டாஃப் குரூப்புல இருந்து அவர் நம்பர நீக்கிரலாமான்னு கேக்காதீங்க, அவர் பையன் அந்த சிம் கார்டத்தான் வெச்சிருக்கான், தினமும் எல்லா மெசேஜும் படிக்கிறான்னு ப்ளூ டிக் சொல்லுது.

அவரோட சாமான்ல ஒண்ணே ஒண்ணுக்குதான் எங்களுக்குள்ள தகராறு, போர்டுல வட்டம் போடற அந்த பெரிய மர காம்பஸ். ஹெச்.எம். ரூம்ல படத்துக்கு கீழ மாட்டலாம்னாங்க. இப்ப புதுசா வந்திருக்கற கணக்கு டீச்சர் ஒரு செவ்வாக்கிழமை கேக்காமலே எடுத்துட்டு ஒன்பதாம் வகுப்புக்கு போயிட்டாங்க. சாக்பீஸ் நிக்கற இடம் லூஸு, சார் அதுல ரப்பர் பேண்ட் சுத்தி வெச்சிருப்பாரு, அது இத்துப்போயி அன்னைக்கு அறுந்துருச்சாம். டீச்சர் பயந்துக்கிட்டே வந்து சொன்னாங்க. நான் டீக்கடை அண்ணாச்சிகிட்ட போயி பார்சல் கட்டற ரப்பர் பேண்ட் நாலு வாங்கிட்டு வந்து சுத்திக் குடுத்தேன்.