ஒரே கார், வீட்டில் நாலு பேர் ஓட்டுகிறார்கள்: இன்ஷூரன்ஸை எப்படிச் சரிசெய்வது?

ஆர்.சி. அப்பா பெயரில். வார நாட்களில் மகன் ஓட்டுகிறான். மகள் எல்.எல்.ஆர். போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். திருச்செந்தூர் வரை போக வேண்டுமென்றால் ஆக்டிங் டிரைவர் வருவார். இப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் இல்லை ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: "பாலிசி அப்பா பெயரில்தானே இருக்கிறது, நான் ஓட்டி இடித்தால் கிளெய்ம் கிடைக்குமா?"

கிடைக்கும். இந்தியாவில் மோட்டார் பாலிசி காருக்கு எடுப்பது. செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டலாம். ஒவ்வொருவர் பெயரையும் சேர்க்க வேண்டியதில்லை. இணையத்தில் தேடினால் பிரிட்டன் பக்கங்கள் நிறைய வந்து குழப்பும். அங்கே பொதுவாக ஓட்டுபவர்களின் பெயரைப் பாலிசியில் எழுத வேண்டும். நம் ஊர் முறை வேறு.

ஆனால் ஒன்று. ஸ்டியரிங் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் காருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பிடிக்கிறவரின் உயிருக்கு அதே அளவு பாதுகாப்பு இல்லை. பல வீடுகளில் இது தெரியாமலே வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறார்கள். இதைச் சரிசெய்யத்தான் இந்தப் பதிவு.

படி 1: பாலிசியைத் திறந்து இரண்டு பத்தி படியுங்கள்

'டிரைவர்ஸ் கிளாஸ்' என்ற பகுதியைத் தேடுங்கள். ஓட்டுபவரிடம் விபத்து நடந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் லைசென்ஸ் பெறத் தகுதியிழந்தவராக இருக்கக் கூடாது என்று இருக்கும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-வது விதிப்படி நடந்தால். அதாவது பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ளவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 'எல்' போர்டு இருக்க வேண்டும். மகள் தனியாகக் கடைக்கு எடுத்துப்போனால் இந்த நிபந்தனை உடைந்துவிடும்.

அடுத்து 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' பகுதி. சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று அதில் இருக்கும். தெரிந்தவர் கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு வெள்ளை போர்டு காரைக் கொடுப்பது நம் ஊரில் சகஜம்தான். அந்தப் பயணத்தில் விபத்து என்றால் கிளெய்ம் நிராகரிக்கப்பட அதுவே போதும்.

படி 2: எல்லாருடைய லைசென்ஸையும் மேஜையில் வையுங்கள்

முடிவுத் தேதியைப் பாருங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரைதான் செல்லும். 55-க்கு மேல் என்றால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதனால் அப்பாவுடையதை முதலில் பாருங்கள். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று இருந்தது. அதே திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணனின் லைசென்ஸ் எப்போதோ முடிந்திருக்கலாம். சாவியைக் கொடுக்கும் முன் கேளுங்கள்.

பதினெட்டு நிறையாத பையனுக்குச் சாவியே கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து.

படி 3: ஓட்டுபவரின் உயிருக்கான பாதுகாப்பு

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது.

பாலிசியோடு வரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். 2018 வரை காருக்கு இது 2 லட்சமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து உயர்ந்தது. இது 'ஓனர் டிரைவர்' பெயரில் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ளவர், பாலிசியில் உள்ளவர், லைசென்ஸ் உள்ளவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

சரி, மகன் ஓட்டும்போது, தவறும் அவன் மேலேயே என்றால்? அவனை மூன்றாம் நபராக, அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட வெளி ஆளாகக் காட்டி அதே பாலிசியில் இழப்பீடு கேட்க முடியாது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-இல் நிங்கம்மா வழக்கிலும் 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பாவின் 15 லட்சம் மகனுக்கும் வரும் என்று நம்பியும் இருக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? புதுப்பிக்கும்போது பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் ஐ.எம்.டி. 15 என்ற இணைப்பைக் (எண்டார்ஸ்மென்ட்) கேளுங்கள். குடும்பத்தில் ஓட்டும் ஆட்களின் பெயரைக் குறிப்பிட்டு ஒருவருக்கு 2 லட்சம் வரை காப்பீடு சேர்க்கலாம். குடும்பம் நடத்த அந்தத் தொகை போதாது. அதனால் காரை அதிகம் ஓட்டுபவருக்குத் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுவதே நல்லது என்பேன். பஸ்ஸில் போனாலும் பைக்கில் போனாலும் அது கூடவே வரும்.

ஆர்.சி. அம்மா பெயரில் இருந்து அவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், அந்தக் கட்டாயக் காப்பீட்டுக்கே அவர் தகுதி பெறமாட்டார். அதற்குப் பணம் பிடித்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஓட்டும் பிள்ளைகளுக்குத் தனி பாலிசி இந்த வீட்டில் மிகவும் அவசியம்.

படி 4: ஆக்டிங் டிரைவர்

ஐ.எம்.டி. 28 என்ற இணைப்பையும் கேளுங்கள். சம்பளம் வாங்கும் டிரைவருக்கு அடிபட்டால், சட்டப்படி நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கானது இது. ஒரு டிரைவருக்கு 50 ரூபாய்தான். அப்புறம், வண்டி எடுக்கும் முன் அவருடைய லைசென்ஸைப் போனில் படம் எடுத்து, எண்ணைப் பரிவாஹன் தளத்தில் சரிபாருங்கள். லைசென்ஸ் போலி என்பதாலேயே உரிமையாளர் மாட்டிக்கொள்வதில்லை. உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2004 ஸ்வரண் சிங் தீர்ப்பு. சரிபார்த்ததற்கு உங்களிடம் அத்தாட்சி இல்லாவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும் நிலை வரலாம்.

படி 5: சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் வேண்டுமா?

நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. யார் இடித்தாலும் அது உரிமையாளருடையது. ஒரே கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 12,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கட்டுவது 6,000. மகன் பம்பரை இடித்து 8,000 ரூபாய் செலவு. நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக அதிகபட்சம் 7,000 கிடைக்கும். அடுத்த வருடம் 12,000 முழுசாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த வருடம் 20 சதவீதப் போனஸோடு 9,600, பிறகு 25 சதவீதத்தோடு 9,000. மூன்று வருடத்தில் கூடுதலாகப் போவது 12,600. பம்பரைக் கைக்காசில் மாற்றுவதே லாபம். பலர் ஓட்டும் வண்டிக்கு, கிளெய்ம் செய்தாலும் போனஸைக் காக்கும் நோ கிளெய்ம் போனஸ் புரொடெக்ட் ஆட்-ஆன் விலையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கிலோமீட்டர் கணக்குப் பாலிசி எடுத்திருந்தால், எல்லாரும் ஓட்டுவதையும் சேர்த்துத்தான் கணக்கு. அண்ணன் வந்து ஊர் சுற்றும் மாதத்தில் மீட்டரைப் பாருங்கள்.

படி 6: விபத்து நடந்துவிட்டால்

ஓட்டியவர் பெயரைத்தான் எழுத வேண்டும். "தம்பிக்கு லைசென்ஸ் இல்லை, அண்ணன் ஓட்டினான் என்று போட்டுவிடலாம்" என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். கிளெய்ம் படிவம், எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிச் சீட்டு, டாஷ்கேம், சுங்கச்சாவடிக் கேமரா என ஏதாவது ஒன்றில் உண்மை வந்துவிடும். அப்புறம் கிளெய்மும் போய், பொய் சொன்னதற்கான வழக்கும் சேரும்.

பாலிசி, ஆர்.சி. நகல்களையும் கம்பெனியின் கிளெய்ம் எண்ணையும் குடும்ப வாட்ஸப் குழுவில் இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஓட்டுகிற ஒவ்வொருவர் லைசென்ஸும் அவரவர் போனில் டிஜிலாக்கரில் இருக்கட்டும். நடு ரோட்டில் நின்றுகொண்டு அப்பாவை எழுப்பி, பீரோவில் தேடச் சொல்ல வேண்டி வராது.