இடுப்பு வேறு, ஹிப் வேறு: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன்

அம்மா இங்கே வந்த மூன்றாம் மாதம் இடுப்பு வலி என்றார். டாக்டரிடம் நான்தான் மொழிபெயர்த்தேன்: "ஹிப் பெயின்." அவர் அம்மாவைப் படுக்க வைத்து, தொடையை மடக்கிச் சுழற்றிப் பார்த்து, எக்ஸ்ரேக்கு எழுதினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அம்மா என்னை நம்பவில்லை. எழுந்து முதுகைக் காட்டி நின்று, சேலைக் கட்டுக்குச் சற்று மேலே கையை வைத்தார். "ஓ, லோயர் பேக்!" என்றார் டாக்டர்.

தப்பு என்னுடையதுதான். நமக்குச் சேலை கட்டும் இடம், பிள்ளையைத் தூக்கி வைக்கும் இடம், முதுகின் அடிப்பகுதி எல்லாமே இடுப்பு. டாக்டருக்கு ஹிப் என்பது தொடை எலும்பு போய்ப் பொருந்தும் அந்த ஒரு மூட்டு மட்டும். அது கெட்டால் பெரும்பாலும் கவட்டில்தான் வலிக்கும்.

நரம்பு இன்னும் மோசம். உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு, ஊசி போடத் தேடுவதும் நரம்பு. இங்கே முன்னது நெர்வ், பின்னது வெய்ன். நரம்பு சுருட்டலை 'நெர்வ் ப்ராப்ளம்' என்று சொன்னால் பேச்சு வேறு எங்கோ போய்விடும். காலும் அப்படித்தான்: பாதமா, கணுக்காலா, கெண்டைக்காலா என்று பிரித்துச் சொல்லுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

மயக்கம் என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். அறை சுற்றியதா, எழுந்ததும் கண் இருட்டியதா, நினைவே தப்பியதா? டாக்டருக்கு இவை மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். வயிற்று வாயுவுக்கு இங்கே 'விண்ட்' என்பார்கள். ஆனால் நெஞ்சை அழுத்தும் வலிக்கு நீங்களே 'கேஸ்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். அவசரம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று தோன்றினால் மருத்துவ ஆலோசனைக்கு 111.

அப்புறம் அவர்கள் சொற்கள். 'சர்ஜரிக்கு வாங்க' என்றால் பதற வேண்டாம், ஜி.பி. எனும் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு அதுதான் பெயர். தியேட்டர் என்றால்தான் ஆபரேஷன். கடிதத்தில் டாக்டர் என்று போடாமல் மிஸ்டர் என்று இருந்தால் குறைவாக எண்ணாதீர்கள். அறுவை சிகிச்சை நிபுணர்களை இந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். நாவிதர்களே கத்தி பிடித்த காலத்து மிச்சம் அது.

க்ரானிக் என்றால் கடுமையானது என்று பலர் நடுங்குகிறார்கள். நாள்பட்டது என்றுதான் பொருள். திடீரென்று வருவது அக்யூட். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தால் சந்தோஷப்படலாம், குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டில் 'நெகட்டிவ்' வந்தாலும் பொதுவாக நல்ல செய்திதான்.

சுகர் எண்ணைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். ஊரில் 126 என்று வருவது இங்கே 7. இங்கே தரும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த ரிப்போர்ட்டைக் காட்டும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இங்கத்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அதற்குக் காசு இல்லை, பல நேரம் போனிலேயே பேசுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மட்டும் அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். பாட்டியின் மாதவிடாய் நின்ற கதையைப் பத்து வயதுப் பையன் மொழிபெயர்க்கத் திணறுவதை நான் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டிருக்கிறேன்.