தன்னார்வ அமைப்புகளுக்குத் துணைநிற்கும் பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பது மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிப் போய் ஒரு சிறிய அமைப்பின் வாசலில் இறக்கிவிடுவது, பல்கலைக்கழகங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. அங்கே முழுநேரமாக இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ பேர்தான். வந்தவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, செய்முறை சொல்லி, குடிநீர் முதல் கழிப்பறை வரை பார்த்துக்கொள்வதற்குள் அவர்களுடைய அன்றாட வேலை நின்றுபோகிறது. நன்றாக இருக்கும் சுவருக்கே மறுபடியும் வெள்ளையடிக்கும் கூத்தெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. டிசம்பர் 5ஐத் தன்னார்வலர்களுக்கான பன்னாட்டு நாளாகக் கடைப்பிடிக்கும்படி ஐ.நா. பொதுச்சபை 1985இல் அழைப்பு விடுத்தது. அன்று ஒரு நாள் கூட்டம் குவிந்து, ஜனவரியில் ஆளே இல்லையென்றால் அமைப்புக்கு என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் ஒரே நாளில் மூன்று மணி நேரம் உழைத்தால் 150 மணி. எட்டுப் பேர் வாரத்துக்கு இரண்டு மணி வீதம் பத்து வாரம் வந்தால் 160 மணி. உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எட்டுப் பேருக்கு முதல் வாரம் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். ஆகவே ஆள் திரட்டுவதற்கு முன்பே அமைப்பிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்: என்ன வேலை, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, யார் மேற்பார்வை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். அல்லது மேற்பார்வைக்கு உங்கள் தரப்பிலிருந்து ஒருவரை அனுப்புங்கள்.

பருவத் தேர்வு வந்ததும் மாணவர்கள் சொல்லாமல் மறைவது அடுத்த சிக்கல். அமைப்பின் மாலைநேர வகுப்பில் அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அநேகமாக அதே வாரங்களில்தான் தேர்வு இருக்கும். கல்வி நாட்காட்டியைப் பருவம் தொடங்கும் முன்பே அமைப்பிடம் கொடுத்துவிட வேண்டும். விடுமுறையில் ஊர் திரும்பாத ஆய்வு மாணவர்களையும் அலுவலர்களையும் இடைவெளிக்கு அமர்த்தலாம். பழைய குழுவும் புதிய குழுவும் இரண்டு வாரமாவது சேர்ந்து வேலை செய்த பிறகே பொறுப்பு கைமாற வேண்டும்.

மதிப்பெண்ணுக்காக மணிநேரத்தைக் கட்டாயமாக்கிவிட்டு அதைத் தன்னார்வம் என்று அழைப்பது பொருந்தாது. கட்டாயம் வேண்டுமென்றால் ஆசிரியர், பாடத்திட்டம், மதிப்பீடு எல்லாம் உள்ள ஒரு பாடமாகவே நடத்துங்கள். வருகைப் பதிவை வைத்துக்கொள்வதும் உங்கள் வேலை. கையெழுத்துக்கு வரிசையில் நிற்கும் மாணவர்களை அமைப்பின் தலையில் கட்டாதீர்கள்.

கணினித் துறை செய்து தரும் இணையதளம் பெரும்பாலும் ஓராண்டில் செத்துப்போகிறது. கடவுச்சொல் பட்டம் வாங்கிப் போன மாணவரிடம் இருக்கும். தளப் பெயருக்கான சந்தா காலாவதியாகியிருக்கும். தளப் பெயரையும் கணக்குகளையும் தொடக்கத்திலேயே அமைப்பின் பெயரில் பதியுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு பயன்பாட்டுக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். அங்குள்ளவர்களே திருத்த முடியாத எதையும் கட்டித் தராதீர்கள். பல இடங்களில் ஒழுங்கான ஒரு விரிதாளே போதுமானது.

ஆய்வுக்கென்று போகிறவர்கள் வேறு வகைத் தொல்லை. மூன்று துறைகள் தனித்தனியாகப் போய் ஒரே குடும்பங்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கும். முடிவு மட்டும் யாருக்கும் திரும்பி வராது. களத்துக்குப் போகும் ஆய்வுகளை ஒரே அலுவலகம் பதிவு செய்தால் இது குறையும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, கண்டறிந்ததை அந்த மக்களின் மொழியில் ஒரு பக்கமாகத் தருவதையும் நிபந்தனையாக்குங்கள்.

குழந்தைகளோடு வேலை செய்பவர்களின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். குழந்தையோடு தன்னார்வலர் தனியே இருக்கக் கூடாது. ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. வளாகத்துக்கு வெளியே நேரும் விபத்துக்கு மாணவர் காப்பீடு செல்லுமா என்பதையும் முன்கூட்டியே படித்துப் பாருங்கள். பலரும் விபத்துக்குப் பிறகுதான் படிக்கிறார்கள்.

மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை, பொருள் வைக்க ஓர் அலமாரி, நூலக அனுமதி: சிறிய அமைப்புகளுக்கு இவை பணத்தைவிடப் பெரிய உதவி. அதற்கு வாடகையும் நான்கு கையெழுத்தும் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். தொடர்புக்குப் பேராசிரியரின் சொந்த எண்ணைக் கொடுப்பதும் தவறு. அவர் மாற்றலாகிப் போனால் உறவும் அறுந்துவிடும். அலுவலகத்துக்கென்று ஓர் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும்.

மாணவர்களின் பயணச் செலவை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் முதலில் நின்றுபோவது கையில் காசில்லாத மாணவர்தான். காரணத்தை அவர் வாய்திறந்து சொல்லவும் மாட்டார்.