மூன்று நிமிட ராமெனுக்குச் சற்றுக் கூடுதல் கவனிப்பு

ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பான ராமெனின் உடனடி பாக்கெட்டில் உப்பும் காரமும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. இல்லாதவை காய்கறிகளின் புதுமணம், லேசான புளிப்பு, சூப்புக்கு ஒரு கெட்டித்தன்மை ஆகியவைதாம். ஆகவே வீட்டில் எதைச் சேர்ப்பதற்கு முன்பும் மசாலாத் தூளைக் குறைக்க வேண்டும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பல பாக்கெட்டுகளில் அந்த அளவின் பெரும்பகுதி ஒரே வேளையில் அடங்கிவிடுகிறது. பாதித் தூளை மட்டும் போட்டு, ருசி பார்த்து, போதாவிட்டால் மேலும் கொஞ்சம் தூவிக்கொள்ளலாம். சோயா சாஸோ சீஸோ சேர்ப்பதாக இருந்தால் பாதித் தூளே தாராளம்.

மோமொஃபுகு ஆண்டோ 1958இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய முதல் உடனடி ராமென், ஆவியில் வெந்து எண்ணெயில் பொரிக்கப்பட்ட நூடுல்ஸ்தான்; இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவையும் அவ்வாறே தயாராகின்றன. ஏற்கெனவே வெந்தது என்பதால்தான் அதற்கு மூன்று நிமிடம் போதுமானதாகிறது. அதே காரணத்தால் நான்காவது நிமிடத்தில் குழைந்தும் போகிறது. கிண்ணத்துச் சூட்டிலும் அது தொடர்ந்து ஊறும் என்பதால், குறித்த நேரத்திற்கு அரை நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடுவது நல்லது. நறுக்க வேண்டியவை அனைத்தையும் நறுக்கி, முட்டையையும் அடித்து வைத்த பிறகே நூடுல்ஸைத் தண்ணீரில் போட வேண்டும்.

சேர்ப்பவற்றில் முதலிடம் முட்டைக்குத்தான். ஆண்டோவின் அந்த முதல் ராமெனான ‘சிக்கன் ராமென்’ கட்டியில் முட்டையை உடைத்து ஊற்றுவதற்கென்றே பிற்காலத்தில் ஒரு குழி அமைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது முட்டையை இழை இழையாக விடும் முறை. கொதி அடங்கி ஓரத்தில் மட்டும் சிறு குமிழ்கள் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, கரண்டியால் சூப்பை ஒரே திசையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அடித்த முட்டையை முள்கரண்டியின் இடுக்குகள் வழியாக மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். அதன் பின் இருபது விநாடிகள் கை வைக்கவே கூடாது. முதல் முறை நான் பொறுமையின்றிக் கலக்கிவிட்டதில், இழைகள் சிதைந்து சூப்பு முழுவதும் கலங்கலாகிப் போயிற்று. பாதி வெந்த மஞ்சள் கரு வேண்டுமென்பவர்கள், கொதிக்கும் நீரில் முட்டையை ஏழு நிமிடம் வைத்திருந்து, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி உரித்துக்கொள்ளலாம்.

சூப்பு கெட்டியாகவும் வழவழப்பாகவும் வேண்டுமானால், ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, முதலில் ஒரு கரண்டி சூடான சூப்பை மட்டும் ஊற்றிக் கரைத்து, பிறகு மீதியைச் சேர்க்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் வெண்ணெய் கட்டி கட்டியாக மிதக்கும். மயோனைஸையும் இவ்வாறே கரைக்கலாம். பச்சை முட்டையைச் சேர்த்து அடிக்கும் முறையும் உண்டு. ஆனால் முட்டை முழுமையாக வேகாது என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டாம்.

காய்கறிகளில் கவனிக்க வேண்டியது எதை எப்போது போடுவது என்பதை மட்டுமே. மெல்லிய குச்சிகளாக நறுக்கிய கேரட் தண்ணீர் கொதிக்கும்போதே போகலாம். உறைந்த பட்டாணியும் சோளமும் நூடுல்ஸோடு சேர்ந்து வெந்துவிடும். பசலைக்கீரைக்கு அடுப்பே தேவையில்லை, கிண்ணத்தில் பரப்பி மேலே சூடாகக் கொட்டினால் போதும். காளானை மட்டும் தனியாக எண்ணெயில் சிவக்க வதக்கிச் சேர்க்க வேண்டும், ஏனெனில் சூப்பில் நேரடியாக வெந்த காளானுக்கு மணமும் இல்லை, மெல்லும் சுகமும் இல்லை.

மணத்திற்கு ஒரு சிறிய வழி உண்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன், அதே பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் வதக்கி, தீயைக் குறைத்துப் பாதி மசாலாத் தூளைப் போட்டுப் பத்து விநாடி புரட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்றினால், பாக்கெட்டுக்கே உரிய அந்தத் தட்டையான வாசனை பெருமளவு மறைந்துவிடும். சற்றுத் தாமதித்தாலும் தூள் கருகிக் கசந்துவிடும் என்பதால் தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய், எலுமிச்சைச் சாறு, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஆகிய மூன்றும் அடுப்பை அணைத்த பிறகே சேர வேண்டும். கொதித்தால் அவற்றின் மணம் ஆவியோடு போய்விடும்.

சூப்பு வேண்டாதவர்கள், நூடுல்ஸ் வெந்த நீரில் நான்கைந்து கரண்டியை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை வடித்துவிட்டு, வெண்ணெய், பூண்டு, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்த்துப் பெரிய தீயில் ஒரு நிமிடம் புரட்டலாம். அந்த நீரிலுள்ள மாவுச்சத்து வெண்ணெயோடு கூடி ஒவ்வோர் இழையிலும் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். நீர் முற்றிலும் வற்றும் முன்பே இறக்கிவிட வேண்டும், இல்லையெனில் தட்டுக்கு வருவதற்குள் ஒரே கட்டியாக இறுகிவிடும்.