கண்மாய்க் கொக்குகளின் நலத்தைக் கவனிப்பது எப்படி: பாதரசமும் புழுக்களும்

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் வக்காவும் கூடு கட்டும் மாதங்களில், மரத்தடியில் ஒன்றிரண்டு குஞ்சுகள் செத்துக் கிடப்பது இயல்புதான். ஆனால் சதைப்பிடிப்போடு இருக்க வேண்டிய வயதில், நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டு, வயிறு மட்டும் உப்பிய நிலையில் குஞ்சுகள் தொடர்ந்து விழுந்தால், அதை வெயில் மீதும் காற்றின் மீதும் போட்டுவிட்டு நகரக் கூடாது. சாமநத்தம், வண்டியூர், மாடக்குளம் போன்ற மதுரைக் கண்மாய்களையும், சற்றுத் தள்ளிச் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியையும் தொடர்ந்து பார்த்து வருபவர்கள், இரண்டு காரணங்களைச் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒன்று பாதரசம், மற்றொன்று புழு.

பாதரசம் நீரில் கலந்த உடனே பறவையைத் தாக்குவதில்லை. அது சேற்றில் படிந்து, காற்றுப்படாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்களால் மெத்தில் பாதரசமாக மாறிய பிறகே உயிருடலில் தங்கத் தொடங்குகிறது. அங்கிருந்து நுண்ணுயிர், பூச்சி, சிறுமீன், பெருமீன் என ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகிறது. நம் கண்மாய்கள் கோடையில் வறண்டு, ஐப்பசி மழையில் மீண்டும் நிரம்புபவை. காய்ந்த சேறு மறுபடி நனையும் காலத்தில்தான் இந்த மாற்றம் வேகம் பிடிக்கும் என்பதால், கூடு கட்டும் பருவமும் அபாயம் மிகும் பருவமும் அடுத்தடுத்து வருகின்றன. உடைந்த வெப்பமானி, பழைய இரத்த அழுத்தமானி, குழல்விளக்கு ஆகியவை குப்பையோடு சேர்ந்து வரத்துக்கால்வாயில் விழுவது ஒரு வழி; நிலக்கரிப் புகையோடு காற்றில் வந்து இறங்குவது மற்றொரு வழி. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையை ஒட்டிய பாம்பார் சோலையின் நீர் மலையிறங்கி வைகைப் படுகைக்கே வந்து சேர்வதால், இதை வேறெங்கோ நடக்கும் சங்கதியாக நம்மால் எண்ண முடியாது.

புழுக்களின் வழி வேறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொக்குக் குஞ்சுகளைப் பெருமளவில் கொன்றது யூஸ்ட்ராங்கிலைடிஸ் என்னும் செந்நிற உருளைப்புழு. இதன் முட்டையைச் சேற்றுப் புழு விழுங்குகிறது, அதைச் சிறுமீன் தின்கிறது, அந்த மீனைத் தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டியதும் புழு இரைப்பையின் சுவரைத் துளைத்துவிடுகிறது. கழிவுநீர் கலந்து ஊட்டம் மிகுந்த நீரில் சேற்றுப் புழுக்கள் பெருகுவதால், சாக்கடை வந்து விழும் மடைப்பகுதியே இந்நோயின் விளைநிலம். இதன் இளம்புழுக்கள் இந்திய நன்னீர் மீன்களிலும் பதிவாகியுள்ளன. மீனின் சதையில் அரிசி அளவில் மஞ்சளாகத் தெரியும் கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவோ, நத்தையில் தொடங்கி மீனுக்குப் போய், நாரையின் தொண்டையில் முதிர்கிறது.

இவ்விரண்டும் ஓர் உடலில் சந்திக்கும்போது நடப்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஃபுளோரிடாவில் இறந்த நாரைகளை ஆராய்ந்தபோது, கல்லீரலில் பாதரசம் மிகுந்திருந்தவை பெரும்பாலும் நாட்பட்ட நோய்களால் மெலிந்து இறந்திருந்தன. கூண்டில் வளர்த்த பெரிய கொக்குக் குஞ்சுகளுக்கு ஒரு கிலோ இரையில் 0.5 மில்லிகிராம் அளவில் மெத்தில் பாதரசம் கலந்து கொடுத்தபோதே பசி குறைந்தது. பசி குறைந்த பறவைக்குப் புழுவைத் தாங்கும் வலு ஏது? ஆகவே வயிற்றில் புழுவைக் கண்டதுமே காரணம் கிடைத்துவிட்டதாகக் கோப்பை மூடிவிடுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

கவனிக்கத் தொடங்குமுன், எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்தில் வெட்டுக்கிளி பிடிக்கும் உண்ணிக்கொக்கின் உடலில் பாதரசம் பொதுவாகக் குறைவாகவே சேரும். பெருமீன் தின்னும் சாம்பல் நாரையிலும் பெரிய கொக்கிலும் மிகுதியாகச் சேரும். நத்தைகுத்தி நாரை, பெயருக்கேற்ப நத்தை தின்பதால், பாதரசக் கணக்கில் கீழே நிற்கும். ஆகவே ஒரே கண்மாயில் உண்ணிக்கொக்குக் குஞ்சுகள் நன்றாக இருக்க, சாம்பல் நாரைக் குஞ்சுகள் மட்டும் நலிந்தால், அந்த வேறுபாடே ஒரு தடயம்.

பிறகு பத்துக் கூடுகளைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கரையிலிருந்தே தொலைநோக்கியால் எண்ணுங்கள். மரத்துக்கு அருகில் போனால் குஞ்சுகள் பதறிக் கீழே விழும். அப்படி விழுந்ததை நோயின் கணக்கில் எழுதிவிடும் தவறு நேரக் கூடாது. முட்டை, குஞ்சு, பறந்து போனவை என்று மூன்று பத்திகள் போதும்.

குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிய பிறகு பலர் நோட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் கவனத்தைக் கூட்ட வேண்டிய நேரம் அதுதான். இறகு வளரும் வரை, இரையோடு வரும் பாதரசத்தின் பெரும்பகுதியை இறகுகள் வாங்கிக்கொள்கின்றன; வளர்ச்சி நின்றதும் அந்த வடிகால் அடைபட்டு, பாதரசம் இரத்தத்திலும் மூளையிலும் ஏறுகிறது. எனவே கலுங்கு ஓரத்தில் தனியாக இரை தேடும் இளம் கொக்கு ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். எத்தனை முறை கழுத்தை நீட்டிக் குத்தியது, எத்தனை முறை அலகில் மீன் இருந்தது என்று எண்ணுங்கள். சென்ற தை மாதத்தில் நான் பார்த்த ஓர் இளம் பறவை பதினோரு முறை குத்தி ஒரு மீனே பிடித்தது. நிற்கும்போது அதன் கால்கள் தள்ளாடி, இறக்கையை விரித்து ஊன்றிக்கொண்டது. இவ்வளவை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. கழுத்தே துவண்டு தொங்கினால் பொட்டுலிசம் என்னும் பாக்டீரியா நச்சுநோயும் காரணமாகலாம்.

இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் உடலையோ இறகையோ அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துவரவும் கூடாது. கிடந்த இடத்தையும் நிலையையும் படம்பிடித்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தகவல் கொடுங்கள். பிரேதப் பரிசோதனையின்போது இரைப்பைச் சுவரில் புழுவைத் தேடுவதோடு நில்லாமல், கல்லீரலில் ஒரு துண்டை உறையவைத்து எடுக்கவும், மார்பு இறகுகள் சிலவற்றைக் காகித உறையில் போட்டு இனம், வயது, தேதி எழுதவும் கேட்டுக்கொள்ளுங்கள். கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையம் போன்ற இடங்களில் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. இறகிலுள்ள பாதரசம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அதிலும் குஞ்சின் இறகே நம்பகமானது. வளர்ந்த பறவை எந்த ஊர் நீரில் தின்றது என்று நமக்குத் தெரியாது; குஞ்சு தின்றது பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டார மீனைத்தான்.

ஒரு கிராம் இறகில் 5 மைக்ரோகிராம் என்பது பறவைக்குக் கேடு தொடங்கக்கூடிய அளவாகப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அறிக்கை அந்த எண்ணை நெருங்கினால், மீன்பாசி குத்தகை எடுத்தவரிடமும் ஊராட்சியிடமும் பேசி, அதே கண்மாயின் விராலையும் ஜிலேபியையும் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாரை தின்னும் விரால்தான் சந்தை வழியே நம் வீட்டுக் குழம்புக்கும் வருகிறது, கர்ப்பிணிகளும் அதை உண்கிறார்கள். சமைப்பதால் புழு செத்துவிடும். பாதரசம் எவ்வளவு கொதித்தாலும் மீனின் சதையைவிட்டுப் போகாது.