ரோட்டு வேலைக் காசைப் பின்தொடர்வது எப்படி?

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். அரசாங்கம் ஒரு வேலையைத் தொடங்கினால் எங்கள் கல்லாப்பெட்டிக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். பட்ஜெட் நாளில் சொல்லும் கோடிகளை விடுங்கள். உங்கள் ஊரில் நடக்கும் ஒரேயொரு வேலையை, ஒரு ரோட்டையோ வாய்க்காலையோ, எடுத்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

முதலில், அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். தாரும் இயந்திரமும் வெளியிலிருந்து வருபவை. அந்தக் காசு ஊரில் தங்காது. மணல், கல், மேசன் கூலி ஆகியவைதான் இங்கே சுற்றும். கூலி வாங்கியவர் மீன் வாங்குகிறார், பிள்ளையின் டியூஷனுக்குக் கட்டுகிறார். அந்த மீன்காரர் என்னிடம் சீமெந்து வாங்க வருகிறார். ஒவ்வொருவரும் கையில் வந்த 100 ரூபாயில் 60 ரூபாயை ஊருக்குள் செலவழித்தால் 100, 60, 36 என்று போய், மொத்தம் 250 ரூபாய் வருமானமாகும். 30 ரூபாய்தான் ஊரில் செலவானால் 143-உடன் நின்றுவிடும். பெருக்கி என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

அடுத்தது காலம். பலரும் கவனிக்காதது இது. பெரும்போக வேளாண்மை வெட்டு நேரத்தில் ரோட்டு வேலை தொடங்கினால் கூலியாட்களுக்கு இழுபறி. கூலி ஏறும், வயல் வட்டையில் நெல் காத்துக் கிடக்கும். அங்கே புதிதாக வேலை உண்டாகவில்லை, ஆள்தான் இடம் மாறினார். அதே வேலை, ஆட்கள் சும்மா இருக்கும் மாதங்களில் வந்தால் அடுப்பெரியாத வீட்டில் அடுப்பெரியும். அதனால் தொடங்கிய மாதத்தைக் கட்டாயம் குறியுங்கள்.

அப்புறம், காசு எங்கிருந்து வந்தது? வரியென்றால் நம் பையிலிருந்துதான். 2024 ஜனவரியிலிருந்து வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அரசாங்கம் திறைசேரி உண்டியல் என்ற குறுகிய காலக் கடன் பத்திரத்தை விற்றுக் கடன் வாங்கினால், வங்கிகள் அங்கேயே காசைப் போட்டுவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு வட்டி ஏறும். காசை அச்சடித்தால் என்னாகும் என்பதை 2022-இல் பார்த்தோம். டொலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். காலையில் எழுதிய சீமெந்து விலையை மாலையில் அழித்து எழுதினேன். 2023-இல் வந்த மத்திய வங்கிச் சட்டம், அந்த வங்கி அப்படி அச்சடித்து அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுத்தது. நல்ல விடயம்.

பில்லுக்குக் காசு வந்ததா என்றும் கேளுங்கள். அந்த நெருக்கடியில் ஒரு ஒப்பந்தக்காரருக்கு அரச வேலைக்கான காசு மாதக்கணக்கில் வரவில்லை. அவர் எனக்குத் தரவில்லை, நான் மணல்காரருக்குத் தரவில்லை. பெருக்கி பின்பக்கமாகவும் சுற்றும்.

கடைசியாக, வேலை முடிந்த பிறகு என்ன மிஞ்சியது என்று பாருங்கள். மண்முனையில் வாவியைக் கடக்க முன்பு ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்திருக்க வேண்டும். ஜப்பானின் உதவியோடு 2014-இல் பாலம் திறந்தார்கள். கட்டிய கூலி என்றைக்கோ செலவாகிவிட்டது. ஆனால் இன்று காலையும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நெல் லொறி அதன்மேல் வந்தது. திரும்பும்போது என் கடையில் 40 மூட்டை சீமெந்து ஏற்றிப் போனது.