இலைக்குள் வாழும் பாக்டீரியாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பள்ளி அறிவியல் விழாவுக்காக மாணவர்கள் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த துளசியையும் கற்பூரவள்ளியையும் பறித்து வந்து, இலைக்குள் வாழும் நன்மை தரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க முனைவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்களுடைய வளர்ப்புத் தட்டில் (நுண்ணுயிருக்கு உணவூட்டும் கூழ் பரப்பிய மூடியுள்ள தட்டு) வளர்வது, பல வேளைகளில், இலையின் மேல் ஒட்டியிருந்த நுண்ணுயிராகவே இருந்துவிடுகிறது.

குழாய் நீரில் அலசினால் போதும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். முழு இலையை 70 விழுக்காடு எத்தனாலில் ஏறத்தாழ ஒரு நிமிடமும், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் (வெளுப்பான்) கரைசலில் சில நிமிடங்களும் அமிழ்த்தி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் பலமுறை அலச வேண்டும். கற்பூரவள்ளி இலையை நீரில் அமிழ்த்திச் சற்றே சாய்த்துப் பாருங்கள். மென்மயிர்களுக்கிடையே சிக்கிய காற்று வெள்ளிப் படலம்போல் மின்னும். அந்தக் காற்று நிற்கும் இடத்தில் கரைசல் படாது என்பதால், கரைசல் இலையில் பரவி ஒட்ட உதவும் டுவீன் 20 என்ற பொருளை ஒரு துளி சேர்ப்பது அவசியம். இலையை முன்பே நறுக்கிவிட்டால், வெட்டிய விளிம்பு வழியாகக் கரைசல் உள்ளே புகுந்து, நாம் தேடும் உயிரையே கொன்றுவிடும்.

கடைசியாக அலசிய நீரைத் தனித் தட்டில் பரப்பிப் பார்க்காமல் விடுவதைத்தான் நான் பெருந்தவறாகக் கருதுகிறேன். அந்தத் தட்டில் ஏதேனும் வளர்ந்தால், மற்றத் தட்டுகளில் வளர்ந்ததை இலைக்குள் இருந்தது என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. எத்தனை நாள் உழைத்திருந்தாலும் மறுபடி தொடங்கத்தான் வேண்டும்.

இலையிலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்து, பாக்டீரியாவை இனங்காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசையைப் படிப்போருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. செடியின் உயிரணுவில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகம் பண்டைய நீலப்பச்சை பாக்டீரியாவின் வழிவந்தது. அதற்கும் 16எஸ் மரபணு உண்டு. ஆகவே செடியின் சொந்த வரிசைகளை நீக்காமல் எண்ணினால், இல்லாத பாக்டீரியா ஏராளமாக இருப்பதாகத் தோன்றும்.

மூலிகைக்குள் இருந்ததால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவதும் ஆபத்தானது. செடிகளுக்குள் காணப்படும் சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியா, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியது. எனவே வளர்ந்த தட்டை மூடி ஒட்டியபின் வீட்டில் எவரும் திறக்கலாகாது. ஆசிரியரிடம் ஒப்படைத்து, ஆய்வகத்தின் அழுத்தக்கலனில் (அழுத்த நீராவியால் நுண்ணுயிர் நீக்கும் கலன்) 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழித்தபிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.